பக்கம் 31-க்கு ஒரு திருத்தம்

அப்பாவும் நானும் சேர்ந்து கடைசியாகச் செய்த வேலை, மைதாப் பசை காய்ச்சியது. ஞாயிற்றுக்கிழமை காலை. நான் கரைசலை ஊற்றினேன், அவர் கிளறினார்.

"மெதுவா ஊத்துட்டி. கட்டி தட்டுது பாரு."

"கடையில கம் பாட்டில் இருக்குல்லப்பா?"

"அது காஞ்சா பேப்பர் நெளியும்."

"ஒரே ஒரு துண்டு ஒட்டுறதுக்கு ஒரு டம்ளர் பசையா?"

"கொஞ்சமா காய்ச்ச வராது."

பூச்சி அரிக்காமல் இருக்க ஒரு சிட்டிகை மயில்துத்தம் போட்டார். டம்ளரை மூடி அலமாரியில் வைத்தார். அன்று மாலை நான் வேலை பார்க்கும் ஓசூருக்குப் பஸ் ஏறினேன். வியாழக்கிழமை காலை, பல் தேய்த்துக்கொண்டிருந்தவர் குழாயடியில் சரிந்தார். ஆஸ்பத்திரிக்குப் போவதற்குள் முடிந்துவிட்டது. வயது எழுபது.

துக்கத்துக்கு வந்தவர்கள் ஆளுக்கொன்று சொன்னார்கள். எல்லாம் கிட்டத்தட்ட ஒன்றுதான். "நல்ல மனுசன். கடைசிக் காலத்துல ஒரு பேப்பரத் தூக்கிக்கிட்டு வீடு வீடா அலைஞ்சாரு. சிவனேன்னு இருந்திருக்கலாம்." சொன்னவர்களில் பாதிப் பேர் வீட்டுக்கு அப்பா போயிருக்கிறார். அவர் எதை ஒட்டினார் என்று அவர்களில் ஒருவருக்கும் தெரியாது. கேட்டுப் பார்த்தேன்.

அப்பா பெயர் ஐயாதுரை. ராஜபாளையத்தில் ஒரு நூற்பு மில்லில் கார்டிங் ஃபிட்டர். முப்பத்தைந்து வருடம். டோக்கன் எண் 1147.

கார்டிங் என்பது பஞ்சைச் சீவிப் பிரிப்பது. ஒரு பெரிய இரும்பு உருளை. மேலெல்லாம் ஊசி முனைகள். அதற்கு மேலே இன்னொரு வரிசை ஊசிப் பட்டைகள். இரண்டுக்கும் நடுவில் இருக்கும் இடைவெளி, ஓர் அங்குலத்தில் நூறில் ஒரு பங்கு. அதற்குள் புகுந்த பஞ்சு கொசுவலை மாதிரி மெல்லியதாக வெளியே வரும். அந்த இடைவெளியைச் சரியாக வைப்பதுதான் ஃபிட்டரின் வேலை. கேஜ் என்கிற தகட்டை நுழைத்துப் பார்ப்பார். தொளதொளவென்று போனால் தப்பு. மாட்டிக்கொண்டாலும் தப்பு. லேசாக உரசிக்கொண்டு போக வேண்டும். கேஜ் போட்டுப் பார்க்காமல் ஒரு இயந்திரத்தையும் அவர் ஓட விட்டதில்லை. கண்ணால் பார்த்தே சொல்லிவிடுவேன் என்கிற ஃபிட்டர்களை அவர் ஃபிட்டர் என்றே சொல்ல மாட்டார். "ஜோசியக்காரன்" என்பார்.

1990-இல் கருத்தம்மா என்ற தொழிலாளிக்கு அந்த இயந்திரத்தில் வலது கையில் மூன்று விரல்கள் போயின. ஓட்டும் பெல்ட்டை விலக்கி இயந்திரத்தை நிறுத்திய பிறகும் உருளை சில நிமிடங்கள் சத்தமில்லாமல் சுற்றிக்கொண்டுதான் இருக்கும். நிற்கும்வரை மூடி திறக்காமலிருக்க ஒரு பூட்டு உண்டு. வேலை தாமதமாகிறது என்று அந்தப் பூட்டைக் கம்பியால் கட்டித் திறந்தே வைத்திருந்தார்கள். தொழிற்சாலை ஆய்வாளர் வழக்குப் போட்டார். ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டில் அப்பா சாட்சி.

மில் ஆட்கள் அந்த இயந்திரத்தை வெறுமனே 'கார்டு' என்றுதான் சொல்வார்கள். அப்பாவும் அப்படியே சொன்னார். "கார்டு ஓடிக்கிட்டு இருந்துச்சுங்க. கருத்தம்மா கை கார்டுக்குள்ள போயிருச்சு."

எதிர்த்தரப்பு வக்கீல் கண்ணாடியைக் கழற்றினார். "எந்தக் கார்டுக்குள்ள? ரேஷன் கார்டுக்குள்ளயா?"

கோர்ட் சிரித்தது. அந்த வக்கீலுக்குக் கார்டு என்றால் என்னவென்று நன்றாகத் தெரியும்; மில் வழக்காகவே பார்த்துப் பிழைத்தவர். சிரிப்பு வந்தால் சாட்சி தடுமாறும் என்பதும் தெரியும். அப்பா தடுமாறவில்லை. கம்பி கட்டியிருந்ததைச் சொல்லிவிட்டுத்தான் கூண்டை விட்டு இறங்கினார். மில்லுக்கு அபராதம் விழுந்தது. கருத்தம்மாவுக்கு விரல் முளைக்கவில்லை.

அன்று மதிய இடைவேளையில் கோர்ட் தலைமை எழுத்தர் ஜகந்நாதன் அப்பாவைக் கூப்பிட்டார். மேசையில் ஒரு தடித்த ஆங்கில அகராதி.

"சிரிச்சவாள்லாம் அது ஒரே வார்த்தைன்னு நெனச்சுண்டா. இங்க பாரும் ஐயாதுரை. ஒண்ணு, ரெண்டுன்னு தனித்தனியா நம்பர் போட்டிருக்கான். நீர் சொன்னது ரெண்டாவது."

அவ்வளவுதான் நடந்தது. ஒரு மனிதர் ஒரு பக்கத்தைத் திறந்து காட்டினார். அப்பா அதன் பிறகு முப்பத்தைந்து வருடம் அந்தப் பக்கத்திலேயே இருந்தார்.

ஜகந்நாதன் ஓய்வுபெற்றபோது அந்த அகராதியை அப்பாவுக்கே கொடுத்துவிட்டார். எங்கள் வீட்டில் கடவுள் படத்துக்குப் பூ இல்லாத நாள் உண்டு, அகராதிக்கு அட்டை கிழிந்த நாள் கிடையாது. அப்பா பத்தாம் வகுப்பு. ஆங்கிலம் கற்றது இயந்திரங்களோடு வந்த கையேடுகளில். அகராதியைக் கையேடு போலவே படித்தார். சந்தேகம் வந்தால் நூலகத்தில் வேறு அகராதி பார்த்து, ஒரு கோடு போட்ட நோட்டில் எழுதினார்.

முதல் கார்டு, காகிதக் கார்டு. கிரேக்கத்தில் நாணல் தாளுக்கு இருந்த பெயர் லத்தீனுக்குப் போய், பிரெஞ்சு வழியாக இங்கிலீஷுக்கு வந்தது. ஆரம்பத்தில் சீட்டாட்டச் சீட்டு. பிறகு தபால் கார்டு, கல்யாணக் கார்டு, ரேஷன் கார்டு, மைதானத்தில் ஆளை வெளியே அனுப்பும் சிவப்புக் கார்டு. வேடிக்கைப் பேர்வழியையும் கார்டு என்பார்களாம். இரண்டாவது கார்டு, ஊசிக் கார்டு. கம்பளி சீவுவதற்கான லத்தீன் வினை, அதன்மேல் ஒரு முட்செடியின் பெயர் வந்து படிந்தது. அந்தச் செடியின் காய்ந்த தலையால்தான் கம்பளி சீவினார்கள் என்று ஒரு புத்தகம். இல்லை, நெய்த துணியில் ரோமத்தை எழுப்பத்தான் அது பயன்பட்டது என்று இன்னொரு புத்தகம். அப்பா இரண்டையும் எழுதி, எதிரே 'தீரவில்லை' என்று போட்டிருக்கிறார். தேதியும் உண்டு. 14.6.1998.

எனக்கு இது கிறுக்குத்தனமாகத்தான் தெரிந்தது. நான் அளவுக் கருவிகளைச் சரிபார்க்கும் பிரிவில் இன்ஜினியர். காட்டும் அளவு உண்மை அளவா என்று பார்ப்பது என் பிழைப்பு. அதையே ஒரு சொல்லுக்கு ஒருவர் செய்தால் கிறுக்கு என்று நினைத்தேன். அந்த நினைப்புக்கு இப்போது ஒன்றும் செய்ய முடியாது.

ஓய்வுபெற்ற தொழிலாளர்களுக்கு ஒரு நலச்சங்கம் உண்டு. போன வருடம் அதற்கு வெள்ளி விழா. மலர் போட்டார்கள். தொகுப்பாசிரியர் சௌந்தரபாண்டியன். மில்லில் டைம் ஆபீஸ் கிளார்க்காக இருந்தவர். கார்டிங் பிரிவுக்குள் முப்பது வருடத்தில் ஒருமுறைகூடக் கால் வைக்காதவர், தும்மல் வருமாம். ஓய்வுக்குப் பின் சொல்லாராய்ச்சியாளர் ஆனார். உலகத்தில் உள்ள சொல் எல்லாம் தமிழிலிருந்து போனது என்று வாட்ஸாப்பில் தினம் காலை ஒரு சொல் அனுப்புவார். கூடவே ஒரு ரோஜாப்பூ. அவருக்கு அகராதி தேவைப்பட்டதில்லை. காது இருந்தது, கைதட்ட ஆள் இருந்தது.

அவர் அப்பாவிடம் கட்டுரை கேட்டார். அப்பா இரண்டு மாதம் எழுதினார். மூன்று பக்கம். கார்டு என்ற பெயரில் இரண்டு சொற்கள் இருப்பதும், அவை வேறு வேறு ஊரிலிருந்து கிளம்பி வந்து ஒரே உருவில் நிற்பதும். கடைசிப் பத்தி கருத்தம்மாவைப் பற்றி. கோர்ட் சிரித்தது, கம்பி கட்டியிருந்தது, மூன்று விரல்கள்.

ஒரு கல்யாண மண்டபத்தில் வெளியீட்டு விழா. அப்பா கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். கையில் மலர் வந்ததும் முதல் பக்கத்தில், 'மரியாதைக்குரிய ஜகந்நாதன் சாருக்கு. பக்கம் 31 பார்க்கவும். ஐயாதுரை' என்று எழுதி, ஸ்ரீவில்லிபுத்தூர் போகிற ஒருவரிடம் அங்கேயே கொடுத்தனுப்பினார். பக்கம் 31-ஐ அவர் பார்க்கவில்லை. என் அப்பா கேஜ் போட்டுப் பார்க்காமல் அனுப்பிய ஒரே வேலை அது.

வீட்டுக்கு வந்து, தனக்கென்று வாங்கிவந்த இன்னொரு பிரதியில் பார்த்தார். பெயர் அவருடையது. போட்டோ அவருடையது. உள்ளே, கார்டு என்ற சொல் கருக்கு என்ற தமிழ்ச்சொல்லிலிருந்து போனது என்று இருந்தது. பனைமட்டையின் இரண்டு ஓரமும் கருக்கு. பல் பல்லாக இருக்கும். அதுதான் பஞ்சு சீவும் கார்டு. அதே பனையின் ஓலையில்தான் எழுதினோம். அதுதான் காகிதக் கார்டு. ஒரே மரம் உலகத்துக்கு இரண்டையும் கொடுத்தது. கடைசிப் பத்தி இல்லை. அந்த இடத்தில் பனைமரப் படம்.

அழகான பொய். அதை மறுப்பதற்கில்லை. விழா மேடையில் ஒருவர் இதை வாசித்தபோது மண்டபமே தட்டியிருக்கிறது. கடைசி வரிசையில் மைக் சரியாகக் கேட்காததால், தனக்குத்தான் தட்டுகிறார்கள் என்று அப்பா எழுந்து கும்பிட்டிருக்கிறார். அம்மா சொன்னாள்.

மறுநாள் சங்க அலுவலகத்துக்குப் போனார். நானும் போனேன், அந்த வாரம் லீவில் வந்திருந்தேன்.

"வாங்க அண்ணாச்சி! ஊரே ஒங்க கட்டுரையப் பத்தித்தான் பேசுது" என்றார் சௌந்தரபாண்டியன்.

"எது என் கட்டுரை?"

"நான் ஒண்ணும் மாத்தல. கொஞ்சம் மெருகு ஏத்துனேன், அம்புட்டுத்தான்."

"மெருகு ஏத்துனா அடியில மரம் இருக்கணும்லா? மரத்தையே உருவிட்டீரே."

"தமிழுக்குப் பெருமைதான அண்ணாச்சி? அதுவும் ஒங்க பேருலல்லா போட்டிருக்கேன்."

"அதைத்தான் கேக்கேன். பொய்ய ஒம்ம பேருல போட வேண்டியதுதான? ஒமக்குப் பேரா இல்ல?"

சௌந்தரபாண்டியன் என்னைப் பார்த்துச் சிரித்தார். படித்த பெண், புரிந்துகொள்வாள் என்ற சிரிப்பு. நான் சிரிக்கவில்லை. அதற்கு மேல் எதுவும் செய்யவும் இல்லை.

"கருத்தம்மா விசயம் எங்க?" என்றார் அப்பா.

"விழா மலர்ல ரத்தம் எதுக்கு அண்ணாச்சி? பின்னட்டை வெளம்பரம் மில்காரவிய குடுத்தது. அவிய வீட்டுக்கும் அஞ்சு புஸ்தகம் போகுதுல்லா."

இதுதான் சொல்லாராய்ச்சி. அடுத்த இதழில் திருத்தம் போடச் சொன்னார் அப்பா. மலருக்கு ஏது அடுத்த இதழ் என்றார் அவர். அடுத்தது பொன்விழாதான், இன்னும் இருபத்தைந்து வருடம் இருக்கிறது என்று தமாஷும் செய்தார். அங்கிருந்த நாலு பேர் சிரித்தார்கள். அப்பா இரண்டாவது முறையாக அந்தச் சிரிப்பைக் கேட்டார். முதல் முறை கோர்ட்டில்.

வரும் வழியிலேயே டி.டி.பி. கடையில் நின்றார். ஒரு துண்டுச் சீட்டு அடித்தார். விரல் நீளம், இரண்டு விரல் அகலம்.

'பக்கம் 31-இல் என் பெயரில் வந்திருப்பதை நான் எழுதவில்லை. கார்டு என்பது இரண்டு தனிச் சொற்கள். இரண்டுக்கும் பனைமரத்துக்கும் சம்பந்தமில்லை. தொழிலாளி கருத்தம்மாவின் மூன்று விரல்களைப் பற்றி நான் எழுதியது நீக்கப்பட்டிருக்கிறது. – ஐயாதுரை, ஃபிட்டர் (ஓய்வு), டோக்கன் எண் 1147.'

மலர் அச்சிட்டது முந்நூறு பிரதி. துண்டும் முந்நூறு.

"எல்லாப் புஸ்தகத்துலயுமா ஒட்டப் போறீங்க?" என்றேன்.

"ஒரு செக்ஷன்ல முந்நூறு மெசின் தப்பா செட் ஆயிருந்தா, பத்தச் சரி பண்ணிட்டு வீட்டுக்கு வர முடியுமா?"

அடுத்த ஏழு மாதம் அவர் செய்த வேலை அது. நோட்டில் பெயர், ஊர், எதிரே டிக். அலுவலகத்தில் கட்டுக்கட்டாகக் கிடந்தவற்றைச் சங்கக் காவலாளி தயவில் நாலு நாளில் முடித்தார். மீதி வீடுகளில் இருந்தன. தேவதானத்தில் ஒரு வீட்டில் மலரைக் கட்டில் காலுக்கு முட்டுக் கொடுத்திருந்தார்கள். கட்டிலைத் தூக்கச் சொல்லி, மலரை எடுத்து, பக்கம் 31-இல் ஒட்டி, காயும்வரை செத்த நேரம் உட்கார்ந்திருந்து, மறுபடி அதே காலுக்கு முட்டுக் கொடுத்துவிட்டு வந்தார். ஒரு வீட்டில் ஊறுகாய் ஜாடிக்கு மூடி. ஒரு வீட்டில் நடுப்பக்கங்களைக் கிழித்துப் பிள்ளைக்குக் கப்பல் செய்திருந்தார்கள், 31 போய்விட்டது. அங்கே அட்டையில் ஒட்டினார். மண்டபத்தில் அப்படித் தட்டியவர்களில் ஒருவர்கூட மலரைப் பிரித்திருக்கவில்லை. பொய்யையும் படிக்கவில்லை, திருத்தத்தையும் படிக்கப் போவதில்லை. அப்பாவுக்கு இது தெரியும். "அவிய படிக்காட்டி போறாவ. எம்பேரு அதுக்குள்ள கெடக்குல்லா" என்றார்.

கூமாப்பட்டிக்கு நான் காரில் கூட்டிப்போனேன், மனமில்லாமல். கருத்தம்மா அங்கே மகள் வீட்டில் இருக்கிறாள். வெள்ளாட்டுக்குத் தழை போட்டுக்கொண்டிருந்தாள், இடது கையால்.

"என்னண்ணே ஒட்டுதீய?"

அப்பா வாசித்துக் காட்டினார். அவள் முழுவதும் கேட்டாள்.

"வெரலு போயி முப்பத்தஞ்சு வருசமாச்சு. இப்பப் போயி புஸ்தகத்துக்குள்ள தேடுதீயளாக்கும்?" என்றாள். பிறகு, "அந்த வக்கீலு இருக்கானா, செத்தானா?" என்று கேட்டாள்.

"செத்துட்டான்."

"அப்ப அவன் வீட்டுல ஒரு துண்டு ஒட்டிட்டு வாங்க."

இருவரும் சிரித்தார்கள். அப்பா அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. அந்த மலரை அவள் திரும்பத் தகரப் பெட்டிக்குள், பட்டாவோடு வைத்தாள். முந்நூறில் பெட்டிக்குள் இருந்தது அது ஒன்றுதான்.

இந்த ஏழு மாதத்தில் அவரோடு நான் சண்டை போட்டது வேறொரு விஷயத்துக்காக. வீட்டுக்கு வரும்போதெல்லாம் ஃபிரிட்ஜில் பால்கோவாப் பெட்டி. அவருக்குச் சர்க்கரை. "யாருக்காக வாங்குறீங்க? அம்மா தின்ன மாட்டா. ஒளிச்சு வெச்சுத் தின்னுறீங்களா?" என்று ஒருமுறை கத்தினேன். "சும்மா வாங்கணும்னு தோணுச்சு" என்றார். நான் பெட்டியை எடுத்துப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டேன். பிரிக்காத பெட்டி. அதைக்கூட நான் கவனிக்கவில்லை. கருவிகளில் ஆயிரத்தில் ஒரு பங்கு பிழையைக் கண்டுபிடிப்பவள்.

காரியம் முடிந்து அகராதியை எடுத்தேன். கார்டு இருக்கும் பக்கத்தில் மூன்று பஸ் டிக்கெட். ராஜபாளையம்–ஸ்ரீவில்லிபுத்தூர்.

அம்மாவிடம் காட்டினேன்.

"மூணு தடவ போனாவ" என்றாள். "அந்த கோர்ட்டு சார் வீட்டுல ஒட்டிட்டு வாரேன்னு பசையும் கையுமாத்தான் போனாவ. மூணு தடவையும் பஸ் ஸ்டாண்ட்லயே எறங்கி, கடையில பால்கோவா வாங்கிக்கிட்டுத் திரும்பிட்டாவ. என்னன்னு கேட்டா, 'வெறுங்கையோட போகக் கூடாதுன்னு வாங்குனேன், பொறவு போகல'ன்னாவ. அந்தச் சாரு மொகத்தப் பாக்க வெக்கம்டி. அவரு காட்டுன எழுத்துல்லா. அவருக்குத்தான் தப்ப அனுப்பிட்டமேன்னு."

நானூறு பேர் இருந்த மண்டபத்தில் பொய்யை வாசிக்கவிட்ட சௌந்தரபாண்டியனுக்கு வெட்கமில்லை. இன்னொரு விழாவுக்குத் தலைமை தாங்கப் போயிருக்கிறார். அப்பாவின் இரங்கல் கூட்டத்திலும் அவர்தான் பேசினார். 'பனைமரம் கண்ட ஐயாதுரை' என்றார். எழுந்து அவர் வாயில் அந்தத் துண்டை ஒட்டியிருக்க வேண்டும். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

பதினாறு முடிந்த மறுநாள் ஒரு போன். வயதான குரல்.

"நான் ஸ்ரீவில்லிபுத்தூர் ஜகந்நாதன் பேசறேம்மா. இப்பத்தான் கேள்விப்பட்டேன். வரணும்னு இருக்கு, முடியலை. கண்ணு சுத்தமாப் போயிடுத்து."

"பரவாயில்லைங்க சார்."

"அப்பா அனுப்பின மலர் எங்கிட்ட இருக்கு. ஸாவித்ரியை விட்டு வாசிக்கச் சொல்லிக் கேட்டேன். என் ஆத்துக்காரி. ரொம்ப நன்னா எழுதியிருந்தார். அந்தப் பனைமர விஷயம் பாருங்கோ, அத்தனை வருஷம் அந்த டிக்ஷனரி எம் மேஜைல இருந்தது, எனக்குத் தோணவே இல்லை. அவருக்குத் தோணியிருக்கு. நேர்ல சொல்லணும்னு நெனச்சுண்டே இருந்தேன். வருவார், வருவார்னு பார்த்தேன்."

நான் "சரிங்க சார்" என்றேன். போனிலேயே சொல்லியிருக்கலாம். ஒரு வாக்கியம் போதும். அப்பாவும் போனிலேயே சொல்லியிருக்கலாம், எண் நோட்டில் இருக்கிறது.

அலமாரியில் டம்ளரைத் திறந்து பார்த்தேன். பசை காய்ந்து ஓரம் விட்டிருந்தது. மயில்துத்தம் போட்டதால் பூஞ்சை பிடிக்கவில்லை. நோட்டில் இருநூற்றுத் தொண்ணூற்றொன்பது டிக். கடைசிப் பக்கத்தில் மீதமிருந்த துண்டு, குண்டூசி குத்தி. அதற்குக் கீழே அப்பாவின் எழுத்து.

'300. ஜகந்நாதன் சார், வடக்கு மாட வீதி. நேரில்.'

எதிரே ஒன்றும் இல்லை.